வாசகர் கேள்வி-பதில்: ஜெனீவாவில் நமக்கொரு நாற்காலி

போன இதழில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில் பற்றி இரண்டு வரி எழுதியதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை சினிமா, கிரிக்கெட் கேள்விகளுக்கு விடுமுறை. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருச்சி: மனித உரிமைக் கவுன்சிலுக்கு இந்தியா ஏழாவது முறையாகத் தேர்வாகியிருக்கிறதே, இதை நமக்குக் கிடைத்த நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளலாமா?

ஆசைதான். ஆனால் தேர்தல் நடந்த விதத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. கவுன்சிலில் 47 இடம். ஆப்பிரிக்காவுக்கு 13, ஆசிய-பசிபிக்குக்கு 13, லத்தீன் அமெரிக்கா மற்றும் கரீபியனுக்கு 8, மேற்கு நாடுகளுக்கு 7, கிழக்கு ஐரோப்பாவுக்கு 6 என்று பாகம் பிரித்து வைத்திருக்கிறார்கள். நியூயார்க்கில் பொதுச்சபையின் 193 நாடுகளும் ரகசியமாக வாக்களிக்கும், 97 வாங்கினால் ஜெயித்தாயிற்று. 2025 அக்டோபரில் ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை இடம் காலியோ அத்தனை நாடுகள்தான் நின்றன. நம்மோடு சேர்ந்து ஆசியப் பங்கில் பாகிஸ்தானும் இராக்கும் வியட்நாமும் வந்தன. நம்மூர் கூட்டுறவுச் சங்கத் தேர்தலில் முந்தின நாள் ராத்திரியே பேசி முடித்துவிட்டு, மறுநாள் காலையில் 'போட்டியின்றித் தேர்வு' என்று மாலை போட்டுக்கொள்வார்களே, கிட்டத்தட்ட அதுதான்.

அதற்காக அந்த நாற்காலி வெறும் அலங்காரம் என்று சொல்லவில்லை. தீர்மானம் வரும்போது ஓட்டு உறுப்பினருக்கு மட்டும்தான், மற்ற நாடுகள் பேசலாம், அவ்வளவே. மோசமாக நடந்தால் எழுப்பியும் விடுவார்கள்: 2011-ல் லிபியாவை, 2022-ல் ரஷ்யாவை இடைநீக்கம் செய்தார்கள். ரஷ்யா விஷயத்தில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. இந்த 'ஒதுங்கிக்கொள்வது' பற்றிக் கீழே ஒருவர் கேட்டிருக்கிறார், அங்கே வருகிறேன்.

கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். மனித உரிமைப் பிரகடனத்தில் இந்தியாவின் பங்கு என்றால் ஹன்சா மேத்தா பெயர் மட்டுமே வருகிறது. வேறு ஒன்றுமே இல்லையா சார்?

ஹன்சா மேத்தா பெயர் வருவது நியாயம்தான். வரைவை எழுதிய ஐ.நா. ஆணையத்தில் தலைவி எலினோர் ரூஸ்வெல்ட்டைத் தவிர இருந்த ஒரே பெண் பிரதிநிதி அவர். முதல் பிரிவு ஆங்கிலத்தில் 'ஆல் மென்' என்று தொடங்கியது. அதில் பெண்களும் அடக்கம்தானே என்று ரூஸ்வெல்ட்டுக்கே தோன்றியது. ஹன்சா விடவில்லை, அந்த ஒரு சொல்லைச் சாக்காக வைத்துப் பெண்களை வெளியே நிறுத்திவிடுவார்கள் என்று வாதாடி 'ஹியூமன் பீயிங்ஸ்' ஆக்க வைத்தார். தமிழ் மொழிபெயர்ப்பில் 'மனிதப் பிறவியினர் சகலரும்' என்று படிக்கிறோமே, அது அவர் வாங்கிக்கொடுத்தது.

ஆனால் என்னைக் கேட்டால், 1948-ல் பிரகடனம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பு நடந்ததுதான் பெரிய விஷயம். 1946. நாடு இன்னும் சுதந்திரம் அடையவில்லை, டெல்லியில் இடைக்கால அரசுதான். தென்னாப்பிரிக்காவில் ஆசியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று கோடு கிழித்து ஒரு சட்டம் போடுகிறார்கள். அடி விழுந்தது அங்கே நேட்டால் மாகாணத்து இந்தியர்களுக்கு. 1860 முதல் கரும்புத் தோட்டத்துக்கு மதராஸ் துறைமுகத்தில் கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அவர்களில் தமிழர்கள் ஏராளம். இந்தியா வர்த்தகத்தை முறித்துக்கொண்டு வழக்கை நேராக ஐ.நா. பொதுச்சபைக்குக் கொண்டுபோனது. அணிக்குத் தலைவி விஜயலட்சுமி பண்டிட். எதிரே தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ். ஐ.நா. சாசனத்தின் முகவுரையில் 'அடிப்படை மனித உரிமைகள்' என்ற பேச்சு இடம்பெறக் காரணமானவர்களில் முக்கியமானவரே அவர்தான்! அந்த ஸ்மட்ஸ் என்ன சொன்னார் தெரியுமா? இது எங்கள் உள்நாட்டு விவகாரம், சாசனத்தின் 2(7) பிரிவுப்படி நீங்கள் தலையிட முடியாது.

பிரிட்டனும் அமெரிக்காவும் அவர் பக்கம் நின்றன. மூன்றில் இரண்டு பங்கு தேவை. எண்ணிப் பார்த்தால் ஆதரவு 32, எதிர்ப்பு 15. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரே ஒரு நாடு அந்தப் பக்கம் தாவியிருந்தால் தீர்மானம் விழுந்திருக்கும். சொந்தக் குடிமக்களை ஒரு அரசு எப்படி நடத்துகிறது என்பதை வெளியார் கேட்கலாம் என்று இன்னும் விடுதலையே பெறாத ஒரு நாடு ஐ.நா.வில் நிலைநாட்டியது அப்படித்தான். தேர்வில் கேட்கிறார்களோ இல்லையோ, அந்த 2(7)-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் அம்மா.

சேலம் வாசகர்: அந்தக் கவுன்சில் கூட்டம் நடக்கும் இடத்தை எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா?

நேரில் இல்லை, ஐ.நா.வின் இணைய ஒளிபரப்பில்தான், அதுவும் ராத்திரி தூக்கம் வராதபோது. இருபதாம் எண் அரங்கம். கூரை முழுக்கக் குகையில் தொங்குவது மாதிரி வண்ண வண்ணக் கூம்புகள், மிகேல் பார்சலோ என்ற ஸ்பெயின் ஓவியர் செய்தது. 2008-ல் திறந்தார்கள், சுமார் 2 கோடி யூரோ செலவு, அதில் ஒரு பகுதி ஏழை நாடுகளுக்கான உதவி நிதியிலிருந்து போனது என்று ஸ்பெயினில் பெரிய சண்டை. கீழே பேசுபவருக்கு நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். முடிந்ததும் மைக் செத்துவிடும். மகனைத் தொலைத்த தாய் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் செத்துவிடும், அதைப் பார்த்த அன்றைக்குத் தூக்கம் சுத்தமாகப் போயிற்று.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு ஆசிரியர்: 2012-இல் இலங்கைக்கு எதிராக வாக்களித்த இந்தியா பிறகு ஏன் நழுவிவிட்டது? ஆட்சி மாறியதுதான் காரணமா?

இல்லை ஐயா, பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், வரிசை வேறு. 2009 மே மாதம், போர் முடிந்த சில நாட்களில் கூடிய சிறப்புக் கூட்டத்தில் இலங்கை அரசுக்கு இதமான தீர்மானம் ஒன்று வந்தது, அதை இந்தியா ஆதரித்தது. அந்தத் தீர்மானத்திலேயே உள்நாட்டு விவகாரங்களில் தலையிடக் கூடாது என்ற வரி இருந்தது. மேலே பாளையங்கோட்டை மாணவிக்குச் சொன்ன ஸ்மட்ஸை நினைத்துக்கொள்ளுங்கள்.

2012 மார்ச்சில் அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானத்துக்கு 24 ஆதரவு, 15 எதிர்ப்பு, 8 நடுநிலை. இந்தியா ஆதரவு. ஆனால் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் தரும் ஆலோசனையும் உதவியும் இலங்கை அரசின் சம்மதத்தோடுதான் என்று ஒரு சொல்லைச் சேர்க்க வைத்தபிறகுதான் ஆதரித்தது. 2013-ல் தமிழ்நாடே கொதித்தது, சென்னை லயோலா மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், மார்ச் 19-ஆம் தேதி தி.மு.க. மத்திய அரசிலிருந்து விலகியது, இரண்டு நாள் கழித்து ஜெனீவாவில் இந்தியா மறுபடி ஆதரித்தது. 2014 மார்ச்சில் தீர்மானம் ஐ.நா. அலுவலகமே விசாரிக்கும் என்ற கட்டத்துக்கு வந்ததும் இந்தியா வாக்களிக்கவில்லை, அப்போது டெல்லியில் காங்கிரஸ் ஆட்சிதான்! பிறகு 2021, 2022 இரண்டிலும் பா.ஜ.க. ஆட்சியில் அதே நடுநிலை. 2021 வாக்கெடுப்பு தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டே வாரம் முன்பு வந்தது, அப்படியும் மாறவில்லை. கட்சி மாறினாலும் கோப்பு மாறவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

காரணம் என்ன? சீனா பக்கம் கொழும்பு சாய்ந்துவிடும் என்ற பயம் ஒன்று, எல்லோரும் சொல்வது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது காஷ்மீர். வெளியார் வந்து விசாரிக்கலாம் என்று பக்கத்து வீட்டுக்குக் கதவைத் திறந்துவிட்டால் நாளைக்கு நம் கதவையும் தட்டுவார்கள் அல்லவா? ஒவ்வொரு முறையும் பேச எழும் இந்தியத் தூதர் தமிழர்களின் சம உரிமை, இலங்கையின் ஒற்றுமை, மாகாணங்களுக்கு அதிகாரம் பகிரும் பதின்மூன்றாவது திருத்தம் என்று சொல்லிவிட்டு ஓட்டுப்போடாமல் உட்காருவார். நன்றாகத்தான் பேசுவார்.

2025 அக்டோபரில் வந்த தீர்மானம் வாக்கெடுப்பே இல்லாமல் நிறைவேறியது, அந்த ஆண்டு இந்தியா உறுப்பினரும் இல்லை, அதனால் தர்மசங்கடம் மிச்சம். இலங்கை மீறல்கள் பற்றி ஐ.நா. அலுவலகம் ஆதாரம் திரட்டும் வேலைக்கு அதில் கொடுத்திருக்கும் நீட்டிப்பு இரண்டு வருஷம். அது 2027-ல் மறுபடி மேசைக்கு வரும்போது நாம் உள்ளே இருப்போம்.

வழக்கறிஞர், தூத்துக்குடி: சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்துப் போட்டதா, இல்லையா? ஒவ்வொரு மேடையிலும் ஒவ்வொரு மாதிரி பேசுகிறார்கள்.

இரண்டும் சரி, அதுதான் வேடிக்கை. 1997-ல் கையெழுத்து போட்டாயிற்று. அதை ஏற்று உறுதிசெய்வது இன்னும் நடக்கவில்லை. நிச்சயதார்த்தம் முடிந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் கல்யாணத் தேதி குறிக்கவில்லை. 170-க்கு மேற்பட்ட நாடுகள் இதில் சேர்ந்துவிட்டன. 2010-ல் சித்திரவதைத் தடுப்பு மசோதா மக்களவையில் நிறைவேறியது, மாநிலங்களவைக்குப் போய்த் தேர்வுக் குழுவில் மாட்டிக் காலாவதியானது. 2017-ல் சட்ட ஆணையம் தன் 273-வது அறிக்கையில் உறுதிசெய்யச் சொல்லி மாதிரிச் சட்டமும் எழுதிக் கொடுத்தது. உங்கள் மாவட்டத்துக்காரரான உங்களுக்கு, 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கடை நடத்திய தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்ததை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மனசாட்சியை விடுங்கள், சொந்த லாபத்துக்காவது செய்திருக்கலாம். 1995 டிசம்பரில் மேற்கு வங்கத்தின் புருலியாவில் விமானத்திலிருந்து ஆயுதம் கொட்டிய வழக்கு ஞாபகம் இருக்கிறதா? அதில் தேடப்படும் டென்மார்க்காரரை ஒப்படைக்கும்படி இந்தியா கேட்டது. இந்தியச் சிறையில் சித்திரவதைக்கு ஆளாகலாம் என்று 2011-ல் அந்நாட்டு நீதிமன்றம் மறுத்தது. 2024-ல் மறுபடியும் அதே காரணம், அதே மறுப்பு.

நான்கரை ஆண்டுக்கொருமுறை எல்லா நாடுகளையும் வரிசையாக நிறுத்திக் கேள்வி கேட்கும் ஆய்வு ஒன்று ஜெனீவாவில் உண்டு. இந்தியாவின் முறை கடைசியாக வந்தது 2022 நவம்பரில். சுமார் 130 நாடுகள் பேச வரிசையில் நின்றன, ஆளுக்கு ஒரு நிமிஷம்கூடச் சரியாகக் கிடைக்கவில்லை, அந்த நேரத்திலும் பல நாடுகள் கேட்டது இந்த ஒப்பந்தத்தைத்தான். 2008-லும் கேட்டார்கள், 2012-லும், 2017-லும். பதில்: பரிசீலனையில் இருக்கிறது.

இல்லத்தரசி, கோவை: வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்கான எஸ்.ஐ.ஆர். படிவத்தோடு பூத் அலுவலர் பின்னால் அலைந்த களைப்பு தீருமுன், நம் தலைமைத் தேர்தல் ஆணையர் ஏதோ உலக ஜனநாயக அமைப்புக்குத் தலைவர் ஆகிவிட்டார் என்று செய்தி. அது என்ன அமைப்பு?

இன்டர்நேஷனல் ஐடியா. ஸ்டாக்ஹோமில் 1995-ல் தொடங்கியது, தொடங்கிய 14 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. உறுப்பு நாடுகளின் மன்றத் தலைமை சுழற்சியில் வரும், 2026-க்கு ஞானேஷ் குமார். வேடிக்கை என்னவென்றால் அதே ஸ்வீடனில் மேற்குக் கரையில் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் வி-டெம் என்று ஒரு ஆய்வுக்குழு இருக்கிறது, அவர்கள் கணக்கில் இந்தியா சில வருஷங்களாகவே 'தேர்தல் நடத்தும் எதேச்சாதிகாரம்'. ரயிலேறினால் சில மணி நேரப் பயணத்தில் ஒரே நாட்டுக்கு இரண்டு மதிப்பெண்!

இரண்டில் எதையும் அப்படியே விழுங்க வேண்டாம். தேர்தல் நடத்தும் கைவேலையில் நமக்கு உள்ள பெயர் உண்மையானது. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் என்பவரை 1953-ல் சூடானின் முதல் தேர்தலை நடத்தக் கூப்பிட்டார்கள். நம் விரலில் வைக்கிற மை மைசூரில் தயாராகி 25 நாடுகளுக்கு மேல் போகிறது, நமீபியா 2014-ல் நம் வாக்கு இயந்திரத்தில் ஓட்டுப் போட்டது. மை நன்றாக இருக்கிறது. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதுதான் உங்கள் கவலை, அதற்கு ஸ்டாக்ஹோமில் விடை கிடையாது.

ஈரோடு வாசகர்: அமெரிக்காவே கவுன்சிலை விட்டுப் போய்விட்டதாமே?

2018-ல் போனது, 2022-ல் வந்தது, 2025-ல் மறுபடி போனது. பிறந்த வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போகிற பெரிய மருமகள். ஐ.நா.வின் ஜனநாயக நிதியத்தை 2005-ல் இந்தியாவும் அமெரிக்காவும்தான் முன்னின்று தொடங்கிவைத்தன என்பது இப்போது படித்தால் பழைய கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது.

பெயர் வேண்டாம் என்று எழுதியவர், விருதுநகர் மாவட்டம்: இதெல்லாம் பெரிய இடத்து விஷயம். என்னை மாதிரி ஒருவர் நேரடியாக ஐ.நா.வுக்குப் புகார் எழுத முடியுமா?

குடிமை, அரசியல் உரிமைகள் ஒப்பந்தத்தில் இந்தியா 1979-ல் சேர்ந்தது. தனிநபர் புகாருக்கு வழிவிடும் அதன் கூடுதல் நெறிமுறையில் சேரவில்லை, ஆகவே அந்த வாசல் மூடியிருக்கிறது. சிறப்பு அறிக்கையாளர்கள் என்று சித்திரவதை, கருத்துரிமை, வீட்டுவசதி என ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒருவர் உண்டு, அவர்களுக்கு யாரும் எழுதலாம். அவர்கள் அரசிடம் விளக்கம் கேட்பார்கள், தீர்ப்பெல்லாம் சொல்ல முடியாது.

அதற்கு முன்னால் இங்கே எழுதுங்கள். தேசிய மனித உரிமை ஆணையத்துக்குக் குறை உண்டு: காவல் அதிகாரிகளையே விசாரணைக்கு வைத்திருக்கிறது என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லி, இத்தகைய ஆணையங்களின் உலகக் கூட்டமைப்பு 2023, 2024 இரண்டு முறையும் அதன் தரச்சான்றைத் தள்ளிப்போட்டது. இருந்தாலும் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம், கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். நடந்த தேதி, இடம், நேரம், ஸ்டேஷன் பெயர், பார்த்தவர்கள் யார், மருத்துவமனைச் சீட்டு இருந்தால் அதன் நகல். மாநில ஆணையத்தில் ஏற்கெனவே கொடுத்திருந்தால் அதையே தேசிய ஆணையத்தில் எடுக்க மாட்டார்கள். முக்கியமாக, சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் போய்ச் சேர வேண்டும். உங்கள் கடிதத்தில் இருக்கும் தேதியைப் பார்த்தால் இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.