கெமிக்கல் ரூமுக்கு என்ன சாஃப்ட்வேர் வாங்கலாம்?

கேள்வி: சாயப்பட்டறையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். கெமிக்கல் ரூமில் ஹைட்ரோஸ் (சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் தூள்), காஸ்டிக் சோடா, அசிட்டிக் அமிலம், பெராக்சைடு, ஹைப்போகுளோரைட் ப்ளீச் எல்லாம் ஒன்றாகத்தான் கிடக்கின்றன. எது எவ்வளவு ஆபத்து என்று பார்க்க சாஃப்ட்வேர் ஏதாவது வாங்கலாம் என்கிறார் முதலாளி. எதை வாங்குவது?
- வாசகர், திருப்பூர்

பதில்: காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம் தம்பி. உங்கள் பட்டறைக்குத் தேவையானவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

முதலில் ‘கேமியோ கெமிக்கல்ஸ்’. அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் சேர்ந்து உருவாக்கியது. போனிலும் ஓடும். ரூமில் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்த்தால், எதோடு எது சேர்ந்தால் என்ன ஆகும் என்று கட்டம் போட்டுக் காட்டும். ஹைப்போகுளோரைட்டில் அசிட்டிக் விழுந்தால் குளோரின் என்ற விஷ வாயு கிளம்பும். ஹைட்ரோஸில் அமிலம் பட்டால் சல்ஃபர் டை ஆக்சைடு வாயு வரும். மறக்காமல் தண்ணீரையும் பட்டியலில் சேருங்கள். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். நிறையத் தண்ணீரில் ஹைட்ரோஸைக் கரைப்பது தினமும் நடக்கிற வேலைதான். ஆனால் ஈர மக்கை அப்படியே டிரம்முக்குள் விட்டு அள்ளினால், அந்தக் கொஞ்சம் ஈரத்திலேயே தூள் சூடேறிப் புகையும், தீயும் பிடிக்கும். மழைக்கு ஒழுகும் கூரைக்குக் கீழே அந்த டிரம் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

ஒரு கெமிக்கலைக் கையாளும்போது மூச்சில் எவ்வளவு ஏறும் என்பது வேறு கேள்வி. அதற்கு பிரிட்டனின் வேலையிடப் பாதுகாப்பு அமைப்பான எச்.எஸ்.இ. வெளியிட்டுள்ள ‘கோஷ் எசென்ஷியல்ஸ்’ இருக்கிறது. எம்.எஸ்.டி.எஸ்.ஸின் (கெமிக்கலோடு சப்ளையர் தரும் பாதுகாப்புத் தகவல் தாள்) 2-ஆம் பகுதியில் உள்ள ‘எச்’ எண்கள் (என்ன ஆபத்து என்று சொல்லும் குறியீடுகள்), கையாளும் அளவு கிராமா கிலோவா டன்னா, தூளாக இருந்தால் எவ்வளவு பறக்கும், திரவமாக இருந்தால் கொதிநிலை என்ன என்று கேட்கும். அசிட்டிக்கின் கொதிநிலை 118 டிகிரி. அறை வெப்பத்தில் கையாளும்போது, கொதிநிலை 50-க்கும் 150-க்கும் நடுவே இருப்பதை நடுத்தரமாக ஆவியாகும் வகை என்று அது எடுத்துக்கொள்ளும். சூடான பாத்தில் (சாயத் தொட்டியில்) ஊற்றுகிறீர்கள் என்றால் அந்த வெப்பநிலையைத்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆபத்தைக் குறைத்துக் காட்டிவிடும். காற்றோட்டம் போதுமா, ஆவியை அங்கேயே உறிஞ்சும் எக்ஸாஸ்ட் வேண்டுமா, மூடிய அமைப்பே வேண்டுமா என்று கடைசியில் சொல்லும். கலந்தால் கிளம்பும் வாயு அதன் கணக்கில் வராது. அதனால்தான் இரண்டையும் பார்க்கச் சொல்கிறேன்.

சாஃப்ட்வேருக்குப் பட்டறை தெரியாது. ஒரே மக் எல்லா டிரம்முக்கும் போகிறதா, லேபிள் கிழிந்த கேனில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் எடை போட்டுக் கொடுக்கும் ஆளுக்குத்தான் தெரியும். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பட்டியல் போடுங்கள். சேரக் கூடாத ஜோடிகளைப் பெரிய எழுத்தில் எழுதி ரூம் கதவில் ஒட்டுங்கள். வடமாநிலத் தம்பிகள் வேலை பார்த்தால் அவர்கள் மொழியிலும் எழுதவையுங்கள். சப்ளையர் எம்.எஸ்.டி.எஸ். தர மறுத்தால் அவரிடம் சரக்கு எடுக்க வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லுங்கள்.