ஏற்காட்டில் கூடாரம் அடித்துத் தங்குவது எப்படி?

சேலத்திலிருந்து குழந்தைகளுடன் காரில் போய் ஏற்காட்டில் இரண்டு இரவு கூடாரத்தில் தங்க வேண்டும், எங்கே, எப்போது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் இடம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பார்க்கும் பசுமையெல்லாம் பொதுநிலம் அல்ல. பெரும்பாலும் காப்புக்காடும் காப்பித் தோட்டமும்தான். காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாரம் அடிக்கக் கூடாது. கூடாரத்துக்கு இடம் தரும் தோட்ட விடுதியை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கழிப்பறையும் தண்ணீரும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். குழந்தைகள் இருக்கும்போது அதுதான் முக்கியம்.

ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரியில் நள்ளிரவுக்குப் பிறகு தரையிலிருந்து குளிர் ஏறும். மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் போதாது. கீழே தடித்த விரிப்பு வேண்டும். என் மகள் முதல் இரவு முழுவதும் நடுங்கியதை இன்னும் மறக்கவில்லை. ஏப்ரல், மே மாலைகளில் இடிமழை திடீரென்று கொட்டும். அதனால் காய்ந்த ஓடை சமதளமாகத் தெரிந்தாலும் அங்கே படுக்காதீர்கள். மேலே பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் ஒரு துளி விழாமலே ஓடையில் வெள்ளமாக வந்துவிடும்.

மே மாதக் கோடை விழா நாட்களைத் தவிர்த்துவிடுங்கள், நெரிசல் தாங்காது. எனக்குப் பிடித்தது பிப்ரவரி. ஆனால் சருகு காய்ந்திருக்கும், தீ மூட்டவே வேண்டாம்.

இறங்கும்போது 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாவது கியரிலேயே வாருங்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள்.