தமிழ்நாட்டைத் தெரிந்துகொள்ள மழையிலிருந்து தொடங்குங்கள்

வெளிமாநிலத்தில் வளர்ந்ததால் தமிழ்நாட்டைப் பற்றிய அடிப்படைச் செய்திகள்கூட உங்களுக்குத் தெரியவில்லை என்றும், பட்டியல்களை மனப்பாடம் செய்தால் சில நாட்களில் மறந்துவிடுகின்றன என்றும் எழுதி, எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். போட்டித் தேர்வுகளுக்குப் படிப்பவர்களுக்குத் தமிழ்நாட்டுப் புவியியலும் வரலாறும் சொல்லித் தருபவன் நான். மாவட்டங்களின் எண்ணிக்கையையோ மாநிலச் சின்னங்களையோ முதலில் எடுக்காமல், இங்கே எப்போது, எந்தப் பக்கத்திலிருந்து மழை பெய்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் பதில். அது பிடிபட்டுவிட்டால் ஆறுகள், அணைகள், பயிர்கள், தொழில் நகரங்கள் ஆகியவற்றில் பெரும்பாலானவை காரணத்தோடு நினைவில் நிற்கும்.

இந்தியாவின் பெரும்பகுதிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமே மழைக்காலம். தமிழ்நாட்டுக்கும் அந்தக் காற்றுக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்பதால், அது தன் ஈரத்தில் பெரும்பங்கை மலையின் மேற்குச் சரிவிலேயே பொழிந்துவிட்டு வறண்ட காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிறது. நீலகிரி, வால்பாறை, கன்னியாகுமரி போன்ற சில பகுதிகளே இந்தப் பருவத்தில் நன்றாக நனைகின்றன. மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில், வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு மண்டலங்களையும் புயல்களையும் நம்பிப் பெய்கிறது. சில வாரங்களில் கொட்டித் தீர்க்கும் இந்த மழையைப் பிடித்து வைத்தால்தான் ஆண்டு முழுவதும் பிழைக்க முடியும் என்பதனால்தான் நம் முன்னோர்கள் ஏரிகளையும் கண்மாய்களையும் ஊருக்கு ஊர் வெட்டினார்கள். இன்றும் சுமார் 40,000 ஏரிகள் கணக்கில் உள்ளன.

இந்த இரண்டு பருவங்களும் சந்திக்கும் இடம் காவிரி டெல்டா. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவத்தில் பெய்யும் மழை காவிரி, கபினி வழியாக வந்து, 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையில் தேங்குகிறது. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). குறுகிய கால நெல்லான குறுவைச் சாகுபடிக்காக ஜூன் 12 அன்று அணையைத் திறப்பது மரபு. நீர் இருப்புக் குறைவாக இருந்ததால் அந்த நாள் தள்ளிப்போன ஆண்டுகளும் உண்டு. திருச்சிக்கு அருகே முக்கொம்பில் கொள்ளிடம் பிரிந்தபின் எஞ்சிய காவிரி கல்லணைக்கு வந்து, அங்கிருந்து வெண்ணாறாகவும் கல்லணைக் கால்வாயாகவும் மேலும் பிரிந்து தஞ்சை, திருவாரூர், நாகை வயல்களுக்குப் பாய்கிறது. குறுவை அணைத் தண்ணீரில் வளர்கிறது. அதன்பின் வரும் நீண்ட கால நெல்லான சம்பாவுக்கு வடகிழக்கு மழையும் துணை சேர்ந்து, தை மாதத்தை ஒட்டி அறுவடை நடக்கிறது. பருவங்கள், அணை, ஆற்றின் கிளைகள், பயிர்கள், பொங்கல் ஆகிய அனைத்தையும் இந்த ஒரே தொடர்ச்சியில் கற்றுவிடலாம் என்பதால், நான் எப்போதும் இதையே முதல் பாடமாக வைக்கிறேன்.

அடுத்ததாகத் தெற்கே இரண்டு ஆறுகளைப் பாருங்கள். மேற்கு நோக்கி ஓடி அரபிக் கடலில் கலக்கும் பெரியாற்றின் நீரை அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பிய முல்லைப் பெரியாறு அணை 1895-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதைக் கட்டிய பொறியாளர் பென்னிகுக்கைத் தேனி மாவட்ட உழவர்கள் இன்றும் நன்றியோடு நினைவுகூர்வதற்கு, அந்த நீர் வராவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கின் நெல் வயல்கள் இல்லை என்பதே காரணம். தாமிரபரணியோ பொதிகை மலையில் பிறந்து, மன்னார் வளைகுடாவில் கலக்கும் வரை தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடுகிறது. இரு பருவ மழையும் கிடைப்பதால் வற்றாத ஆறு என்று பெயர் பெற்றது.

மழை குறைந்த இடங்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். சிவகாசியின் வறண்ட வானிலை தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் உகந்ததாக இருந்தது. தூத்துக்குடியில் வெயிலும் குறைந்த மழையும் உப்பளங்களுக்கு வழிவகுத்தன. பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் வேகமெடுத்து வரும் தென்மேற்குக் காற்று, பெரிதாக மழை தராவிட்டாலும், உடுமலைப் பகுதியிலும் முப்பந்தலிலும் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. கோயம்புத்தூரைச் சுற்றியுள்ள கரிசல் மண்ணில் பருத்தி விளைந்தது. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தபின் நூற்பாலைகள் பெருகின. எந்தத் தொழில் எந்த ஊரில் என்று பட்டியல் எழுதிப் படிப்பவர்களை விட, இப்படிக் காரணத்தோடு படிப்பவர்கள் நீண்ட நாள் நினைவில் வைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன்.

இனி எல்லையும் பெயரும். அன்றைய சென்னை மாநிலத்திலிருந்து 1953-இல் ஆந்திரம் பிரிந்தது. 1956 நவம்பர் 1 அன்று மலபார் கேரளத்துக்கும் தென் கன்னடத்தின் பெரும்பகுதி மைசூருக்கும் சென்றன. திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையும் நம்மோடு இணைந்தன. அந்த இணைப்புக்காகப் போராடியவர்களில் மார்ஷல் நேசமணியும், வடக்கெல்லைக்காகப் போராடியவர்களில் ம.பொ.சி. எனப்படும் ம.பொ. சிவஞானமும் அவசியம் அறிய வேண்டியவர்கள். திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று வந்து சேர்ந்தது. திருப்பதி ஆந்திரத்திலும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலும் இருந்துவிட்டன. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டுவது உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக 76 நாட்கள் உண்ணாநோன்பு இருந்த சங்கரலிங்கனார் 1956 அக்டோபர் 13 அன்று உயிர்நீத்தார். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967 ஜூலை 18 அன்று சட்டமன்றம் பெயர் மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14 அன்று பெயர் நடைமுறைக்கு வந்தது. இந்தப் பகுதியை மட்டும் ஆண்டுகளோடு படியுங்கள் என்று வற்புறுத்துவேன். இன்று நாம் இயல்பாகச் சொல்லும் இந்தப் பெயரும் வரைபடத்தில் காணும் இந்தக் கோடும் பலருடைய உழைப்பினாலும் உயிரினாலும் கிடைத்தவை; அவர்களை அறியாமல் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

எண்களை இதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். பரப்பளவு ஏறத்தாழ 1,30,000 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 7.21 கோடி. சட்டமன்றத்தில் 234 இடங்கள், மக்களவையில் 39, மாநிலங்களவையில் 18. மிக உயரமான சிகரம் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா. 1956-இல் 13-ஆக இருந்த மாவட்டங்கள் பல முறை பிரிக்கப்பட்டு, 2020-இல் மயிலாடுதுறையோடு 38 ஆயின. ஆகவே பழைய நூல்களில் 32 அல்லது 37 என்று இருந்தால் குழம்ப வேண்டாம். நூல் வெளியான ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். வரையாடு, மரகதப்புறா, செங்காந்தள், பனை ஆகிய மாநிலச் சின்னங்களுக்கு ஒரு மாலை போதும்.

படிப்பதற்குத் தமிழ்நாடு அரசின் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடநூலையே பரிந்துரைக்கிறேன். இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதில் தமிழ்நாட்டின் இயற்கைப் பிரிவுகள் பற்றிய பாடத்தை முதலிலும், மானுடப் புவியியல் பாடத்தை அடுத்தும் படியுங்கள். படிக்கும்போது வெற்று வரைபடம் ஒன்றில் முதலில் மலைகளையும் ஆறுகளையும் மட்டும் உங்கள் கையால் வரைந்து, அணைகளைக் குறித்து, மாவட்ட எல்லைகளைக் கடைசியில் சேருங்கள். ஜூன் தொடங்கியதும் நாளிதழில் வெளியாகும் மேட்டூர் நீர்மட்டத்தையும் நாள்தோறும் பார்த்து வந்தால், பாடத்தில் படித்த பருவங்களை அந்த ஆண்டிலேயே கண்ணால் தொடர்ந்து சரிபார்த்துக்கொள்ள முடியும்.