வெடிமருந்து சுமந்த சின்ன ரயில்கள்: கேள்வி பதில்

கேள்வி: கடற்படைக் கிடங்குக்கு எதற்கு ரயில்? அதுவும் ஏன் இவ்வளவு குறுகலான பாதை?

பதில்: இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், மெட்வே ஆற்றங்கரையில் அப்னோர் கோட்டை இருக்கிறது. எதிர்க்கரையில் சாத்தம் கப்பல் தளம். 1668 முதல் அந்தக் கோட்டைதான் வெடிமருந்துக் கிடங்கு. 1691-இல் அதற்குள் 5,206 பீப்பாய் மருந்து இருந்தது! கரையோரம் அவ்வளவையும் குவித்து வைப்பது ஆபத்து, இடமும் போதவில்லை. 1870களில் சற்று உள்ளே தள்ளி சாட்டண்டனில் புதுக் கிடங்குகள் எழுந்தன. கிடங்கு தள்ளிப் போனதும் படகுத் துறைக்கு ஒரு பாதை தேவைப்பட்டது. ராணுவப் பொறியாளர்கள் முதலில் ஸ்டாண்டர்டு கேஜ் (இரு தண்டவாளங்களுக்கு நடுவே 1,435 மி.மீ. இடைவெளி) போட்டார்கள். 1885 வாக்கில் அதை 762 மி.மீ. ஆக்கினார்கள். பிற்பாடு பாதை கடற்படையின் கைக்கு வந்தது.

குறுகிய பாதை சட்டென்று வளையும், கிடங்கின் வாசலுக்குள்ளேயே நுழையும். இறக்கி ஏற்றும் வேலை குறையும். வெடிமருந்தைப் பொறுத்தவரை, கை மாறும் ஒவ்வொரு முறையும் ஆபத்துதான்.

கேள்வி: ஊட்டி ரயில் அளவா?

பதில்: இல்லை, ஊட்டி ரயில் மீட்டர் கேஜ். கால்கா–சிம்லா பாதைதான் 762.

கேள்வி: நீராவி இன்ஜின் தீப்பொறி கக்குமே, பயமில்லையா?

பதில்: பயம்தான் அங்கே எல்லாவற்றையும் தீர்மானித்தது. பல கிடங்குகளில் மருந்து அறைப் பக்கம் நீராவி இன்ஜினை விடவே மாட்டார்கள். வேகனை ஆட்களே தள்ளுவார்கள். பின்னாளில் பேட்டரி இன்ஜின்களும், பொறி வெளியே வராதபடி மூடிக் கட்டிய டீசல் இன்ஜின்களும் வந்தன. பொறி பறக்கக் கூடிய இடங்களில் இரும்புக்குப் பதில் பித்தளை, செம்பு, மரம்.

மனிதர்களுக்கும் அதே கண்டிப்பு. உடை மாற்றும் அறையில் குறுக்கே ஒரு தாழ்வான மரத் தடுப்பு இருக்கும். இந்தப் பக்கம் உட்கார்ந்து ஆணி அடித்த பூட்ஸைக் கழற்ற வேண்டும். காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டதும் ஆணியில்லாத செருப்பு. நடுவில் அழுக்குப் பாதம் தரையில் படக் கூடாது, ஒட்டி வரும் ஒரு மணல் துகள் போதும், உரசிப் பொறி கிளம்ப. தீப்பெட்டியும் புகையிலையும் வாசலிலேயே நின்றுவிடும். ரயிலை விட இந்த மரத் தடுப்புதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. தினம் தினம், வருடக்கணக்கில் அதைத் தாண்டிப் போனவர்களை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: மலைக்குள் கிடங்கு உண்டாமே?

பதில்: உண்டு. வேல்ஸின் ட்ரெக்கூனில் 1938 முதல் பள்ளத்தாக்கின் இரு சரிவிலும் 58 சுரங்கங்கள் குடைந்தார்கள். விமானக் குண்டுக்குத் தப்பத்தான். அங்கும் இதே 762 மி.மீ. பாதைதான்.

கேள்வி: இப்போது போனால் எதைப் பார்க்கலாம்?

பதில்: சிட்னியின் நியூவிங்டனுக்குப் போங்கள். 1897-இல் தொடங்கிய கிடங்கு, 1999 வரை இயங்கியது. இன்று ஒலிம்பிக் பூங்காவின் பகுதி. அதன் 610 மி.மீ. பாதை இன்னும் இருக்கிறது.

அப்னோர் பாதை 1961-இல் மூடப்பட்டது. ஆனால் 1954-இல் கட்டிய அதன் டீசல் இன்ஜின் ஒன்று வேல்ஸின் ஃபெஸ்டினியாக் ரயில்வேக்குப் போனது. அங்குள்ள பாதை இன்னும் ஒடுக்கம் என்பதால், சக்கர இடைவெளியைக் குறைத்துத்தான் ஓட்டினார்கள். பெயரை மட்டும் மாற்றவில்லை: ‘அப்னோர் காசில்’.