தார் ஜீப்புக்கு ரீமேப் செய்யலாமா?

கேள்வி: என்னிடம் 2013ஆம் ஆண்டு மஹிந்திரா தார் சிஆர்டிஇ இருக்கிறது, 1,10,000 கி.மீ. ஓடியுள்ளது. 235/70 ஆர்16 டயர்களை 245/75 ஆர்16 ஆக மாற்றிய பிறகு, மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறும்போது இழுவை போதவில்லை. கறுப்புப் புகையும் வருகிறது. லிட்டருக்கு 12 கி.மீ. கொடுத்த வண்டி இப்போது 10 தான் கொடுக்கிறது. இன்ஜினை இயக்கும் மென்பொருளைத் திருத்தும் ரீமேப்பைச் செய்தால் இழுவை, மைலேஜ் இரண்டும் கூடும் என்கிறார்களே, உண்மையா?
– குன்னூர் வாசகர்

பதில்: கூட்ட முடியும். ஆனால், இப்போதுள்ள நிலையில் தயவுசெய்து செய்யாதீர்கள். செலுத்தப்படும் டீசல் முழுவதும் எரியப் போதிய காற்று கிடைக்கவில்லை என்பதையே கறுப்புப் புகை காட்டுகிறது. ரீமேப் என்பது இன்ஜினின் கட்டுப்பாட்டுக் கணினியான இசியுவிலுள்ள அளவுகளைத் திருத்தி, டீசலையும், இன்ஜினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் டர்போவின் அழுத்தத்தையும் உயர்த்துவது என்பதால், காற்றுக் குறையுள்ள இன்ஜினில் அதைச் செய்தால் புகை பெருகி, புகைபோக்கி வாயுவின் வெப்பம் ஏறி, டர்போவும் பிஸ்டன்களும் பாதிக்கப்படும். மலையில் காற்றே மெலிந்திருக்கிறது. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் அதன் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

ஏர் ஃபில்டரைப் பார்த்துவிட்டு, டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குச் செல்லும் ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளாம்ப்பை ஒட்டி விரலை ஓட்டிப் பாருங்கள். அங்கே புதிதாக எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் காற்று கசிகிறதா என்று சந்தேகிக்க வேண்டும். வண்டி நிற்கும்போது மூடிக்கிடக்கும் வெடிப்பு, அழுத்தம் ஏறும்போதுதான் வாய் திறக்கும். எனவே குழாய்க்குள் காற்றடைத்துச் சோப்புநீர் தடவிச் சோதிக்கச் சொல்லுங்கள். புகைபோக்கி வாயுவில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வில் படிந்த கரியையும் சுத்தம் செய்ய வேண்டும். டீசலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்களிலிருந்து மிஞ்சிய டீசலைத் திருப்பி அனுப்பும் குழாய்களையும் தனித்தனிப் புட்டிகளில் விட்டு இன்ஜினை ஓடவிட்டால், எந்தப் புட்டி மற்றவற்றைவிட வேகமாக நிறைகிறதோ அந்த இன்ஜெக்டர் தேய்ந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

டயர் மாற்றத்தால் சக்கரத்தின் விட்டம் சுமார் 5 சதவீதம் கூடியிருக்கிறது. ஒவ்வொரு கியரும் அந்த அளவுக்குக் கனத்துவிட்டதால் இழுவை குறைவது இயல்பே. ஓடோமீட்டரும் உண்மைத் தூரத்தைவிடக் குறைவாகவே காட்டும். உங்கள் 10 கி.மீ. உண்மையில் ஏறத்தாழ 10.5 கி.மீ. பழைய அளவுக்குத் திரும்புவதே மலைவாசியான உங்களுக்கு நல்லது என்பது என் கருத்து.

இவற்றைச் சரிசெய்த பிறகும் போதவில்லை என்றால் மிதமான ரீமேப் செய்துகொள்ளலாம். 105 குதிரைத்திறனும், நிமிடத்துக்கு 1,800 முதல் 2,000 சுற்றுகளுக்குள் 247 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தரும் இந்த இன்ஜினில், குறைந்த சுற்றுகளில் விசையை அதிகமாக ஏற்றினால், இவ்வளவு ஓடிய கிளட்ச் வழுக்கத் தொடங்கிவிடும். இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாயின் (காமன் ரயில்) அழுத்த சென்சாரை ஏமாற்றி டீசலைக் கூட்டும் மலிவான பெட்டிகளை அறவே தவிருங்கள். கூடுதல் விசையைக் கொண்டு அதே ஏற்றத்தை ஒரு கியர் மேலே வைத்து, ஆக்ஸிலரேட்டரைக் குறைவாக மிதித்து ஏறினால்தான் மைலேஜ் கூடும். வேகத்துக்குச் செலவிட்டால் குறையும். காப்பீட்டு நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ரீமேப் செய்பவரிடமிருந்து பழைய மென்பொருளின் பிரதியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புகை மீண்டும் தலைகாட்டினால் அன்றே அதற்குத் திரும்பிவிடலாம்.