லோடு பாடிக்குள் நிற்கும் சைலன்சர் குழாய்: சூட்டுக்கு என்ன வழி?

கேள்வி: திருப்பூரில் பனியன் கட்டிங் வேஸ்ட் (துணி வெட்டும்போது மிஞ்சும் பருத்தித் துண்டு) ஏற்றி, பல்லடம், வெள்ளகோவில் பக்கமுள்ள, கழிவுப் பஞ்சில் நூல் நூற்கும் ஓ.இ. மில்களுக்கு ஓட்டுகிறேன். 2018 மாடல் டீசல் பிக்கப் ஒன்றைக் கைமாற்று வண்டியாக வாங்கினேன். பழைய ஓனர் சைலன்சரைக் கழற்றிவிட்டு, கேபினுக்குப் பின்னால் லோடு பாடியில் ஓட்டை போட்டு, நாலு இஞ்ச் குழாயை நெட்டுக்குத்தாக நிறுத்தியிருக்கிறார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருமுறை தார்ப்பாய் அதில் ஒட்டி உருகிவிட்டது. போன மாதம் ஒரு மூட்டையின் ஓரம் பழுப்பேறி இருந்தது. ஹீட் டேப் (சூடு தாங்கும் நார்ப் பட்டை) சுற்றினால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். சுற்றலாமுங்களா? டிராக்டரில் எல்லாம் மேலேதானே புகை போகிறது, அதற்கு ஒன்றும் ஆவதில்லையே?

பதில்: சுற்ற வேண்டாமுங்க. அந்தப் பணம் வேறு வேலைக்குத் தேவைப்படும், வைத்திருங்கள்.

தார்ப்பாய் உருகியதை விடுங்கள். அது எச்.டி.பி.இ. பிளாஸ்டிக், 130 டிகிரியிலேயே உருகிவிடும். எனக்குக் கவலை பழுப்பேறிய மூட்டைதான். பருத்தி உருகாது. சூடு பட்டால் முதலில் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், அப்புறம் கருகும். ஒருமுறை கருக ஆரம்பித்த பஞ்சு புதுப் பஞ்சைவிடக் குறைந்த சூட்டிலேயே கனியும், அதாவது தணலாக உள்ளே எரியும். ஆக உங்கள் வண்டியில் தீ பாதி வழி வந்து திரும்பிப் போயிருக்கிறது.

மலை ஏறும்போதோ, பாரம் இழுக்கும்போதோ டர்போவை விட்டு வெளியே வரும் புகை 500 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அடியில் நீளமாக ஓடி, சைலன்சருக்குள் சுற்றிப் பின்னால் வருவதற்குள் அது ஆறிவிடும். உங்களுக்குச் சைலன்சரும் இல்லை, நீளமும் இல்லை. கேபினுக்குப் பின்னாலேயே குழாய் மேலே ஏறிவிடுகிறது. அதன் வெளிச்சுவர் 200 டிகிரிக்கு மேல் போனால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். திம்பம் மலைப்பாதை ஏறுகிறவர்களுக்குத்தானே இதெல்லாம், நமக்குத் தட்டை ரோடுதானே என்று நினைத்துவிடாதீர்கள். கட்டிங் வேஸ்ட் கனம் குறைவு, இடம்தான் அடைக்கும். அதனால் உயரமாகக் கட்டுவீர்கள். குழாய் மூட்டைகளுக்கு நடுவில் புதைந்துவிடும், காற்று சரியாகப் படாது.

ஓடும்போதைவிட நிறுத்தும்போதுதான் ஆபத்து அதிகம். ஓட்டத்தில் அடிக்கும் காற்று சூட்டைக் கொண்டுபோய்விடும். டீக்கடையில் நிறுத்தினால் அந்தக் காற்று நின்றுவிடும், குழாயில் இருக்கும் சூடு பக்கத்தில் இருப்பதற்குள் இறங்கும். பழுப்பான மூட்டை எங்கே நிறுத்தியபோது பழுப்பேறியது என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது அந்த டேப். அதைச் சுற்றுவது குழாய்க்குக் கம்பளி போர்த்துவது மாதிரி. உள்ளே இருக்கும் சூடு உள்ளேயே இருக்கும், வெளிப்பக்கம் கொஞ்சம் குறையும். ரேஸ் வண்டியில் அதற்குக் காரணம் உண்டு. உங்கள் வண்டியில் அந்தக் ‘கொஞ்சம்’ போதாது. அதன்மேல் மூட்டை சாய்ந்து மணிக்கணக்கில் அழுத்திக்கொண்டிருந்தால், மேல்புறமும் சூடேறித்தான் தீரும். மழையில் நனைந்த டேப் ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்புக் குழாயை அரிக்கும். ஓட்டை விழுந்தாலும் டேப்புக்கு அடியில் வெளியே தெரியாது, பஞ்சுக்கு நேராகப் புகை பீய்ச்சும். டீசலோ ஆயிலோ சிந்தினால் டேப்பே திரியாகிவிடும். ‘டைட்டானியம்’ என்று எழுதிக் கூடுதல் விலைக்கு விற்கிறார்களே, அதில் பெரும்பாலும் இருப்பது எரிமலைக் கல்லை உருக்கி இழுத்த நார். நிறம்தான் டைட்டானியம். இன்னும் சில கடைகளில் கட்டுப்படியாகும் விலையில் ஆஸ்பெஸ்டாஸ் கயிறு எடுத்துத் தருவார்கள். அதைக் கையில்கூட வாங்காதீர்கள், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. வெள்ளிக் கலர் பெயின்ட் அடித்துவிட்டு ‘செராமிக் கோட்டிங்’ என்று பில் போடுகிறவர்களும் உண்டு.

சரி, டிராக்டருக்கு வருவோம். இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டிராக்டரில் குழாய் பானெட்டுக்கு மேலே, ஓட்டுபவருக்கு முன்னால், திறந்த வெளியில் நிற்கிறது. சுற்றிலும் எரிவதற்கு எதுவும் இல்லை. பாரம் இருப்பது பின்னால் கொக்கி போட்ட டிரெய்லரில். வைக்கோல் போரையே ஏற்றினாலும், நடுவில் டிராக்டரின் நீளமும் இழுவைக் கம்பியின் நீளமும் இருக்கிறது. புகைக்குழாயின் சூடு பாரத்தைத் தொடுவதற்கு வழியே இல்லை. அப்படியிருந்தும் கதிரடிக்கிற களத்தில் டிராக்டரை எந்தப் பக்கம் நிறுத்துவது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பெரியவர்கள் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். குழாயிலிருந்து கரித்துகள் கங்காகப் பறப்பது உண்டு, அதனால்தான். ஆக டிராக்டரில் குழாய் மேலே இருப்பதற்கும், உங்கள் பிக்கப்பில் பஞ்சு மூட்டைக்கு நடுவே இருப்பதற்கும், ‘மேலே’ என்பதைத் தவிர ஒற்றுமை கிடையாது. வெளிநாட்டு லாரிகளில் கேபினுக்குப் பின்னால் இரண்டு குழாய் நிற்கிறதே என்பீர்கள். அங்கேயும் பாரம் தனி டிரெய்லரில்தான்.

என் யோசனை: குழாயை இறக்கி, கம்பெனி போட்ட வழியிலேயே அடியில் கொண்டுபோய், அந்த மாடலுக்கான சைலன்சரைப் போட்டுவிடுங்கள். பஞ்சு ஏற்றும் வண்டிக்கு வேறு பதில் எனக்குத் தெரியவில்லை. குழாயை டீசல் லைனை ஒட்டி விட்டுவிடாதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளே 35 மில்லிமீட்டர் இடைவெளியாவது கேட்கின்றன, நான் அதைவிடக் கூடுதலாகவே விடுவேன். பிரேக் ஹோஸ், ஒயர் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். சாதாரண பி.வி.சி. ஒயர் 70 டிகிரி வரைதான் தாங்கும்.

இறக்கும் வரை ஓட்டியாக வேண்டும் என்றால், செய்ய வேண்டியது தகட்டுத் தடுப்பு. குழாயைச் சுற்றி இரண்டு இஞ்ச் இடைவெளி விட்டு, பளபளப்பான அலுமினியம் அல்லது எஸ்.எஸ். (துருப்பிடிக்காத இரும்பு) தகட்டை உருளையாக வளைத்து நிறுத்துங்கள். மேலும் கீழும் திறந்திருக்க வேண்டும். அடியிலிருந்து காற்று ஏறி மேலே போகும், அந்த ஓட்டம்தான் சூட்டைக் கொண்டுபோகும். பட்டறையில் துளைத் தகடு வைத்துத் தரட்டுமா என்று கேட்பார்கள், பார்க்க அழகாக இருக்கும் என்று. வேண்டாம். துளை வழியாகப் பஞ்சுத் தூசி உள்ளே போய்ச் சேரும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது உங்கள் லோடிலிருந்து எவ்வளவு பறக்கிறது என்று உங்களுக்கே தெரியும். தகட்டுக்குக் கறுப்பு பெயின்டும் கூடாது, பளபளப்பு போனால் பாதி வேலை போச்சு. அதற்கு வெளியே பாடியின் முழு அகலத்துக்கும் ஒரு தகட்டுச் சுவர், மூட்டை உருளையைத் தொடாதபடி. ஓரடி இடம் போகும், போகட்டும்.

குழாயைப் பாடித் தரையோடு சேர்த்து வெல்டிங் செய்திருந்தால் வெட்டிவிடுங்கள். இரண்டு மீட்டர் இரும்புக் குழாய் 300 டிகிரி ஏறினால் 7 மில்லிமீட்டர் நீளும். நீள இடமில்லாவிட்டால் வெல்டிங் விரிசல் விடும், புகை கேபினுக்குள் வரும். ஓட்டையைப் பெரிதாக்கி, கீழே வளைந்து கொடுக்கும் ஃப்ளெக்ஸ் பைப் ஒன்று போடுங்கள். வேலை முடிந்ததும் தொடாமலே சூட்டை அளக்கும் ஐ.ஆர். கன் ஒன்றை வைத்துச் சுவரின் வெளிப்பக்கத்தை அளந்து பாருங்கள், 60 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். பளபளக்கும் தகட்டில் அந்தக் கன் குறைத்துக் காட்டும். அளக்கும் இடத்தில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன்மேல் அளங்கள். வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை.

இன்னொரு விஷயம். ‘ஆர்.சி.யில் ஏற்றித் தருகிறேன், எஃப்.சி.யைப் (தகுதிச் சான்றை) பார்த்துக்கொள்கிறேன்’ என்று ஒரு புரோக்கர் வருவார். கம்பெனி வடிவமைப்புக்கு மாறாகச் செய்த இந்த வேலையை எந்தப் புரோக்கராலும் சட்டப்படி ஏற்ற முடியாது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வண்டி ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.  குழாய் விற்கும் கடை மெயின் ரோட்டில் போர்டு மாட்டியே நடக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. எஃப்.சி.க்கு முதல் நாள் குழாயைக் கழற்றி, மறுநாள் சாயங்காலம் மாட்டுகிறார்கள். எல்லோருக்கும் தெரியும், அன்று ஒரு நாள் மட்டும் வண்டி சுத்தம். நாளை லோடு எரிந்தால் இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து முதலில் படம் எடுப்பது அந்த ஓட்டையைத்தான். புரோக்கர் அப்போது போனை எடுக்க மாட்டார்.

புதிய புகை விதிப்படி வந்த பிஎஸ்-6 வண்டிக்காரர்கள் இதைப் படித்துவிட்டுத் தகடு அடிக்கக் கிளம்ப வேண்டாம். உங்கள் வண்டியில் புகை வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்போது சூடு இன்னும் ஏறும், அதில் கையே வைக்கக் கூடாது.

குழாய் இறங்கும் வரை வண்டியில் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று இருக்கட்டும். தீயணைப்புப் பவுடர் சிலிண்டர் மேலே தெரியும் தீயை அணைக்கும், மூட்டைக்குள் கனிவதை அணைக்காது. புகை வாடை வந்தால் அந்த மூட்டையை இழுத்து ரோட்டோரம் போட்டு, பிரித்து, உள்ளே வரை நனையுங்கள். பழுப்பேறிய மூட்டை எதையும் மில் குடோனுக்குள் இறக்காதீர்கள். வெளியே தனியாகப் போட்டு, சில நாள் கழித்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கேட்டில் இருப்பவரிடமும் காரணத்தைச் சொல்லிவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் இடத்தை அடைக்கிறதென்று அவரே உள்ளே தள்ளிவிடுவார்.