நெடுந்தீவுக் குதிரைகளுக்கு முளைய மாற்றம் சரிவருமா?

கோடையில் தண்ணீரில்லாமல் யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகள் சாகின்றன, அவற்றின் முளையத்தை (வளரத் தொடங்கிய இளங்கருவை) எடுத்து வளர்ப்புக் குதிரையில் வைத்து இனத்தைக் காப்பாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாத காரியம் இல்லை. 1984இல் அமெரிக்காவின் லூயிவில் மிருகக்காட்சிசாலையில் சாதாரணக் குதிரை ஒன்று இப்படி வைத்த முளையத்தைச் சுமந்து வரிக்குதிரைக் குட்டியையே ஈன்றது.

ஆனால் மாட்டுக்குப் போல ஊசி போட்டு நிறைய முட்டை வரவைப்பது குதிரையில் அவ்வளவாக வாய்க்காது. பெரும்பாலும் ஒருமுறைக்கு ஒரு முளையம்தான். அதையும் முட்டை வெளிவந்து 7, 8 நாளில் கருப்பையைக் கழுவி எடுக்கவேண்டும். சுமக்கப்போகும் குதிரையின் சுழற்சியும் ஒத்துப்போகவேண்டும். முட்டை வெளிவரும் நாளை ஸ்கான் செய்துதான் அறியவேண்டும். ஆளைக் கண்டாலே ஓடுகிற குதிரையை அதற்கு யார் பிடித்து நிறுத்துவது?

அவை தாமாகவே குட்டி போடுகின்றன, குடிக்கத்தான் தண்ணீர் இல்லை. கேணிகளைத் தூர்வாரவும் தொட்டிகளுக்கு பவுசரில் (தண்ணீர் லொறியில்) தண்ணீர் விடவும் கேட்டுப் பிரதேச செயலகத்துக்கு எழுதுங்கள். அதுவும் வைகாசிக்கு முன்னரே.